உருமி கேளாச் செவிகள்: ‘கலா’ அல்பத்தின் ஆக்கமும் வரவேற்பும்

1

கலை இலக்கிய ஆராய்ச்சியில் எதனை ஆராய்தல் தகும் என்னும் வினாவுக்கு விடை கூறுவோர், பெரும்பாலும் தம்மை அறியாமலே, யாரை மதித்தல் தகும் என்னும் வினாவுக்கும் விடை கூறிவிடுகின்றனர். பாடத்திட்டம் என்பது நூல்களின் பட்டியல் மாத்திரமன்று. மனிதரை வரிசைப்படுத்தும் ஏற்பாடுமாகும். எவருடைய குரல் ஏட்டில் ஏறும், எவருடைய குரல் வாசலில் நிற்கும் என்பதை அது தீர்மானிக்கின்றது. இவ்வுண்மையை நூல்களிலிருந்தன்றி அனுபவத்திலிருந்தே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது.

எம்.ஐ.ஏ. என்னும் பெயருடன் பாடிவரும் மாதங்கி அருட்பிரகாசம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கலா’ என்னும் ராப் அல்பத்தின் ஆக்கத்தையும் வரவேற்பையும் இறுதி வருட ஆய்வுப் பொருளாக முன்மொழிந்திருந்தேன். முன்மொழிவு மூன்றே நாள்களில் திரும்பி வந்தது. கூறப்பட்ட நியாயங்களும் மூன்று. ஒன்று, அது ஆங்கிலத்திற் பாடப்பட்டது. ஆகவே தமிழியலுக்குப் புறம்பானது. இரண்டு, ராப் என்பது இசையுமன்று, கவிதையுமன்று. தாளத்துக்கேற்பப் பேசுதல் மாத்திரமே. மூன்று, அது மேனாட்டு நிறுவனங்களின் விற்பனைப் பண்டம். ஆய்வின் கண்ணியத்துக்கு ஏற்றதன்று.

இவற்றைக் கூறியோர்மீது எனக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் யாதுமில்லை. வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். அவ்வேலையும் நடைபெற்று வருகின்றது. ஆயின் இம்மூன்று நியாயங்களும் ஒரு தனிமனிதரின் கருத்துகளல்ல. எமது புலமை மரபின் ஒரு பகுதியினர் நெடுங்காலமாகப் பேணிவரும் மனோபாவத்தின் வெளிப்பாடுகள் அவை. அவற்றுக்கு விடையிறுத்தல் அவசியமாகின்றது. அவ்விடை அல்பத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஏனெனில் அதனை மறுத்தோர் அதனைக் கேட்டிருக்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதே அவர்களது நிலைப்பாடு.

2

மாதங்கி 1975இல் இலண்டனிற் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கும் சில காலம் சென்னையிலும் வளர்ந்து, 1986இல் தாயோடும் உடன்பிறந்தோரோடும் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். தந்தையார் அருளர் என்ற பெயரால் அறியப்பட்டவர். ஈரோஸ் இயக்கத்தின் தொடக்க காலத்தவர்களுள் ஒருவர். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிக் கப்பலேறிய அகதிகளைப் பொருளாகக் கொண்டு 1978இல் வெளிவந்த ‘லங்கா ராணி’ நாவலின் ஆசிரியர். தாயார் கலா, இலண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 2005இல் வெளிவந்த முதலாவது அல்பத்துக்குத் தந்தையின் பெயரையும், இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் மகள் சூட்டினார். முன்னது ஆண் தன்மை வாய்ந்தது, பின்னது தாயின் போராட்டம் பற்றியது என்பது அவரே தந்த விளக்கம். நாவலெழுதிய தந்தையை எமது இலக்கியகாரர் அறிவர். தைத்துப் பிழைத்த தாயின் பெயரை உலகறியச் செய்தது இந்த அல்பமே.

‘கலா’வின் ஆக்க வரலாறு ஒரு தடையிலிருந்து தொடங்குகின்றது. முதலாவது அல்பம் பெற்ற வெற்றியைத் தொடர்ந்து, ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று டிம்பலண்ட் என்னும் புகழ்பெற்ற தயாரிப்பாளரோடு இரண்டாவது அல்பத்தின் பெரும்பகுதியை ஆக்குவதே மாதங்கியின் திட்டமாக இருந்தது. ஆயின் 2006இல் அந்நாட்டுக்குள் நுழைவதற்கான விசா அவருக்குக் கிட்டவில்லை. அவரது முதலாவது அல்பம் அந்நாட்டுக் கடைகளில் விற்பனையாகிக்கொண்டிருந்தது. அதனைப் பாடியவரோ எல்லையில் தடுக்கப்பட்டார். பண்டம் எல்லை கடக்கலாம், அதனை ஆக்கிய உழைப்பாளி கடத்தலாகாது என்பது இன்றைய உலக முதலாளித்துவத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மலையகத்துத் தேயிலை இலண்டன் சந்தைக்குச் செல்லும் எளிமையோடு மலையகத்துத் தொழிலாளி செல்ல முடியாது என்பதை அறிந்த எமக்கு இவ்விதி புதியதன்று.

தடை நேர்ந்தவிடத்து மாதங்கி காத்திருக்கவில்லை. மேற்கின் மையம் மறுத்த வேலையை உலகின் விளிம்புகளுக்குக் கொண்டு சென்றார். இந்தியா, திரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா எனப் பயணஞ் செய்து, சென்றவிடத்து ஒலிகளைச் சேகரித்தும் அவ்விடத்துக் கலைஞரோடு இணைந்தும் அல்பத்தை ஆக்கினார். அவரோடு பெரும்பாலான பாடல்களில் உடனுழைத்தவர் சுவிச் என்னும் பெயருடைய ஆங்கிலேயத் தயாரிப்பாளர் டேவ் டெய்லர். டிம்பலண்டோடு ஆக்கப்பட்ட பாடல் இறுதியில் ஒன்றாகவே எஞ்சியது.

இப்பயணத்தில் எமக்கு மிக முக்கியமான இடம் சென்னை. அங்கே ஏ. ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் தோற்கருவி இசைப்போர் குழுவொன்றின் வாசிப்புப் பதிவு செய்யப்பட்டது. ‘போய்ஸ்’ என்னும் பாடலின் முதுகெலும்பு அப்பதிவே. ‘பேர்ட் புளூ’ என்னும் பாடலும் உருமியின் அதிர்வின்மீதே நிற்கின்றது. உருமி இடை சுருங்கிய இருமுக மேளம். ஒரு முகம் அடிக்கப்படும். மற்றைய முகம் வளைந்த குச்சியினால் தேய்க்கப்படும். அத்தேய்ப்பில் எழும் ஒலி அடியன்று, ஓர் உறுமல். மேனாட்டு மின்னியல் இசையிலே கணினி கொண்டு உண்டாக்கும் அடிநாதத்துக்கு ஒப்பான அதிர்வை, தோலும் குச்சியும் கொண்டு கிராமக் கோயில் திருவிழாக்களில் எம்மக்கள் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளனர். மாதங்கியின் சாதனை யாதெனின், உருமியை அலங்காரமாகப் பயன்படுத்தாமல் அத்திவாரமாகப் பயன்படுத்தியமையே. கீழைத்தேயக் கருவியொன்றைப் பாடலின் நடுவே சில கணங்கள் ஒலிக்கவிட்டு வாசனை சேர்க்கும் வழக்கம் மேனாட்டிசையில் நெடுநாளாக உண்டு. இங்கு நிலைமை தலைகீழானது. உருமி பாடலை நடத்துகின்றது. ஆங்கிலச் சொற்கள் அதன் பின்னே ஓடி வருகின்றன.

ஏனைய பாடல்களும் இத்தகைய சேர்க்கைகளே. முதற்பாடலான ‘பம்பூ பங்கா’வில், ‘தளபதி’ (1991) படத்துக்காக இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் துண்டு ஒலிக்கின்றது. ‘ஜிம்மி’ என்பது ‘டிஸ்கோ டான்சர்’ (1982) என்னும் ஹிந்திப் படத்துக்காகப் பப்பி லஹிரி இசையமைத்த பாடலின் மறுவாக்கம். சிறுவயதில் வீட்டுக் கொண்டாட்டங்களில் தாம் ஆடிய பாட்டு அது என மாதங்கி கூறியுள்ளார். மற்றொரு பாடலில் அவுஸ்திரேலிய ஆதிக்குடிச் சிறுவர் குழுவான வில்கானியா மொப் தமது ஆற்றைப் பற்றிப் பாடுகின்றது. ‘ஹஸ்ஸல்’ பாடலில் நைஜீரிய வழிவந்த இலண்டன் இளைஞரான ஆபிரிக்கன் போய் சேர்ந்துகொள்கின்றார். ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாடலோ, குடிபெயர்ந்தோரையும் போரின் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் பற்றி த கிளாஷ் குழுவினர் 1982இல் வெளியிட்ட பாடலொன்றின் இசையை அடியாகக் கொண்டது. அதன் பல்லவியில் துப்பாக்கி வெடிகளும் கடையின் காசுப்பெட்டி திறக்கும் ஓசையும் சொற்களுக்குப் பதிலாக நிற்கின்றன. குடியேறி வந்தவனைக் கொள்ளைக்காரனாகவும் கொலைகாரனாகவும் காணும் கண்ணை நோக்கி, நீ காண விரும்புவது இதுதானே என்று எள்ளி நகையாடும் உத்தி அது. விசாவுக்காக நின்ற வரிசையிலிருந்து பிறந்த கோபம் இங்கே அங்கதமாக மாறியுள்ளது.

3

இவ்வாறு ஆக்கப்பட்ட அல்பம் 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வெளிவந்தது. மேனாட்டு விமரிசகர் அதனைப் போற்றினர். ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை அவ்வாண்டின் மிகச் சிறந்த அல்பமாக அதனைத் தெரிந்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் திரைப்பட முன்னோட்டமொன்றினூடாகவும், பின்னர் ‘ஸ்லம்டோக் மில்லியனெயர்’ படத்தினூடாகவும் பரவி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை உயர்ந்தது. ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

புகழ் கிட்டியது என்பதனால் நியாயம் கிட்டியது எனக் கொள்ளலாகாது. புகழ்ந்தோர் எதனைப் புகழ்ந்தனர் என்பதை நோக்குதல் வேண்டும். முதலாவதாக, இசையின் ஆக்குநர் யார் என்னும் வினாவில் அவர்களுட் பலர் தடுமாறினர். டிப்லோ என்னும் அமெரிக்கத் தயாரிப்பாளரே மாதங்கியின் இசைக்குப் பின்னாலுள்ள மூளை என்னும் எண்ணம் பத்திரிகைகளிற் பரவியிருந்தது. 2007இல் ‘பிட்ச்போர்க்’ இதழுக்கு வழங்கிய செவ்வியில் மாதங்கி இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். டிப்லோவின் பங்கு அவ்வல்பத்தில் மிகச் சிறிதெனவும், தாம் பெண்ணாக இருப்பதனாலேயே தமக்கென எண்ணங்கள் இருக்கமுடியாதெனக் கருதப்படுவதாகவும் அவர் எடுத்துரைத்தார். ஊர் ஊராகச் சென்று ஒலி சேகரித்தவர், எந்த மேளத்தை எந்தச் சொல்லின் அருகே வைப்பதெனத் தீர்மானித்தவர், அகதியாகப் பிறநாடு சென்ற ஒரு தமிழ்ப் பெண். அவரை ஓர் அழகிய முகமாகவும் குரலாகவும் குறுக்கி, சிந்தனையை மாத்திரம் வெள்ளை ஆணுக்கு எழுதிக்கொடுத்தது அந்த எண்ணம். காலனித்துவம் மூலப்பொருளைக் கீழைத்தேயத்திலும் நுட்பத்தை மேனாட்டிலும் வைத்துப் பார்த்த அதே பார்வை இது. இறப்பரும் தேங்காய் நாரும் எம்முடையவை, இயந்திரமும் அறிவும் அவர்களுடையவை என்ற கணக்கு இசையிலும் தொடர்கின்றது.

இரண்டாவதாக, அங்கதத்தை அங்கதமாகக் கேட்க அச்சமுதாயத்தின் ஊடகங்கள் மறுத்தன. எம்.ரி.வி. தொலைக்காட்சி ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் துப்பாக்கி ஒலிகளை அகற்றி ஒளிபரப்பியது. 2007இல் டேவிட் லெட்டர்மனின் நிகழ்ச்சியில் அப்பாடல் இடம்பெற்றபோதும் அவ்வொலிகள் மாற்றப்பட்டன. உண்மைத் துப்பாக்கிகள் தாராளமாக விற்பனையாகும் ஒரு நாட்டிலே, பாட்டிலுள்ள துப்பாக்கியின் ஓசை ஆபத்தானதாயிற்று.

மூன்றாவதாக, பாடலை விட்டுப் பாடியவரின் பிறப்பை விசாரிக்கும் போக்கு மேலோங்கியது. 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் அவர் தோன்றிய நாள்களில் வன்னியிலே போர் தன் இறுதிக் கட்டத்தில் இருந்தது. அப்போர் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் பேசினார். பேசியவுடன் பயங்கரவாதத்தின் அனுதாபி என்னும் பட்டம் வந்து சேர்ந்தது. 2010இல் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ சஞ்சிகை வெளியிட்ட நீண்ட கட்டுரையொன்று, அவர் விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலை உண்டபடியே ஒடுக்கப்பட்டோரைப் பற்றிப் பேசியதாகச் சித்திரித்தது. அந்த உணவு பற்றிய பேச்சைத் தொடக்கியவர் கட்டுரையாளரே என்பதைக் காட்டும் ஒலிப்பதிவை மாதங்கி வெளியிட்டார். கட்டுரையில் அவரது கூற்றுகள் கையாளப்பட்ட விதம் குறித்து அப்பத்திரிகை பின்னர் ஒரு குறிப்பைச் சேர்க்க நேர்ந்தது. ஏழ்மையைப் பாடுபவர் ஏழையாகவே இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை, ஏழ்மையை உண்டாக்குவோருக்கு ஒருபோதும் விதிக்கப்படுவதில்லை.

4

மேனாட்டாரைக் கண்டிப்பது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆயின் இக்கட்டுரையின் கண்டனம் அவர்களோடு நின்றுவிடுமாயின் அது நேர்மையாகாது. எமது வரவேற்பு எவ்வாறிருந்தது?

எம்மிடையே இரு போக்குகளைக் காணலாம். ஒன்று பெருமிதம். ‘எங்கள் பிள்ளை கிராமி மேடையில்’ என்னும் பூரிப்பு அது. ஒஸ்காருக்குப் பரிந்துரை கிடைத்தது, மேனாட்டுப் பத்திரிகை படம் போட்டது என்பனவற்றோடு அப்பூரிப்பு நிறைவடைந்துவிடும். அல்பத்தில் என்ன இருக்கின்றது என்று அது கேட்பதில்லை. மற்றையது நிராகரிப்பு; அதன் மூன்று நியாயங்களை முன்னர் குறிப்பிட்டேன். பெருமைப்படுவோரும் நிராகரிப்போரும் ஒருவரையொருவர் எதிர்ப்போராகத் தோன்றினும், கேட்காமலிருத்தல் என்னும் செயலில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர். ஆகவே அந்நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

ஆங்கிலத்திற் பாடப்பட்டது தமிழியலுக்குப் புறம்பானது என்பது முதலாவது. பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆய்வு நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதனைத் தமிழியலுக்குப் புறம்பானதென எவரேனும் கூறத் துணிவரா? இலண்டனில் வாழ்ந்த அ. சிவானந்தன் 1997இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை எமது வரலாற்றின் நாவலாகவே பேசுகின்றோம். கல்விமானின் ஆங்கிலம் தமிழுக்கு அணி செய்யும். அகதிச் சிறுமி தெருவிற் கற்ற ஆங்கிலம் மாத்திரம் தமிழுக்குத் தீட்டாகும் என்பதா இதன் பொருள்? மேலும், ‘கலா’வில் தமிழ் சொல்லாக மாத்திரம் இல்லை, தாளமாக இருக்கின்றது. சொல்லிலன்றி வேறெதிலும் தமிழைக் காண இயலாதோர், நாதஸ்வரத்திலும் தவிலிலும் எதனைக் கேட்கின்றனரோ அறியோம்.

ராப் இசையுமன்று, கவிதையுமன்று என்பது இரண்டாவது. 1973இல் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், ஜமெய்க்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்னும் இளைஞர் நடத்திய களியாட்டத்தை இக்கலையின் தோற்றுவாயாகக் கூறுவது வழக்கு. இசைத்தட்டில் மேளம் தனித்தொலிக்கும் பகுதியை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, அதன்மேல் கூட்டத்தை விளித்துச் சொல்லெறிந்ததிலிருந்து அது வளர்ந்தது. வறிய கறுப்பின மக்கள் பழைய ஒலியைப் புதிய கூற்றுக்குக் கருவியாக்கினர். பதிவான ஒலியின் துண்டை எடுத்துப் புதிய பாடலில் இணைக்கும் சாம்பிளிங் என்னும் முறை இதன் வளர்ச்சியே. இதனைத் திருட்டென்றும் சோம்பேறித்தனம் என்றும் எள்ளுவோர், சங்கப் பாடல்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பது பற்றிக் கைலாசபதி கூறியதை மறந்துவிடுகின்றனர். யூகோஸ்லாவிய வாய்மொழிப் பாடகரை ஆராய்ந்த மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகியோரின் கோட்பாட்டைத் துணைக்கொண்டு, பாணர் மரபிலே சமுதாயத்தின் பொதுச்சொத்தாயிருந்த தொடர்களையும் அடிகளையும் எடுத்து இணைத்தே வாய்மொழிப் புலவன் பாடினான் என்பதை அவர் நிறுவ முயன்றார். தேர்வு மண்டபத்தில் இக்கோட்பாட்டை எழுதி முதல் வகுப்புப் புள்ளிகளைப் பெறுகின்றோம். வெளியே வந்து, அதே முறை எம் காதருகே உயிரோடு நிகழும்போது அதனை இரைச்சல் என்கின்றோம். இறந்த பாணனை மாத்திரமே மதிக்கும் புலமை இது. மேனாட்டார் 2018இல் கென்றிக் லமாரின் ராப் அல்பத்துக்குப் புலிற்சர் பரிசு வழங்கினர் என்பதை நான் சான்றாகக் கொணரப் போவதில்லை. அவர்களின் பரிசுக்குப் பின்னரே எமது செவி திறக்குமாயின் அது மற்றோர் அடிமைத்தனம்.

வணிகப் பண்டம் ஆய்வுக்கு ஏற்றதன்று என்பது மூன்றாவது. ‘கலா’ பண்டமே; பெரும் இசைத்தட்டு நிறுவனங்களே அதனை விற்றன. இதனை மறுப்பதற்கில்லை. ஆயின் பரிசில் நாடி மன்னனிடம் சென்ற பாணனை ஆற்றுப்படையில் வைத்துப் போற்றும் நாம், கலைஞன் பிழைப்புக்காகப் பாடுவதை எந்நியாயத்தால் இழிவென்போம்? பேராசிரியர் சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981இல் நூல் வெளியிட்டார். சினிமாவைவிடப் பெரிய பண்டம் யாதுளது? பண்டமாக இருத்தல் ஆய்வை மறுப்பதற்குக் காரணமன்று. ஆய்வு செய்வதற்கே காரணம். பண்டத்தை ஆராயாத சமூக விமரிசனம் சந்தைக்குச் செய்யும் பேருதவி.

இம்மூன்று நியாயங்களுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று உளது. அதனை எவரும் கூறவில்லை. கூறப்படாமலிருப்பதே அதன் வலிமை. அது மேளம் பற்றியது. யாழ்ப்பாணத்துப் பறைமேளம் சாவீட்டோடும் சாதியோடும் பிணைக்கப்பட்டு, அதனை அடிப்போனின் தலை குனிய வைக்கப்பட்டது. மலையகத்தில் தப்பு, விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைக்கும் துரைத்தனத்தின் கருவியாகவும், அதே மக்களின் திருவிழாக் குரலாகவும் இரு வாழ்வு வாழ்ந்தது. தோலை அடிப்பவன் தாழ்ந்தவன், நரம்பை மீட்டுபவன் உயர்ந்தவன் என்னும் படிநிலை எமது இசையறிவின் அடித்தளத்தில் இன்னும் கிடக்கின்றது. துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் சிறந்த குடிகளாக எண்ணிய புறநானூற்றுப் புலவனை மேற்கோள் காட்டியபடியே நாம் அப்படிநிலையைக் காத்து வருகின்றோம். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் பாடல்களை நாடே முணுமுணுத்தபோதும், அவை எமது விரிவுரைகளுக்குள் வரவில்லை. அப்பாடல்கள் பைலாவின் தாளத்தோடு வந்தவை. அன்றும் இன்றும் தாளமே குற்றவாளி.

எமது பல்கலைக்கழகங்கள் என்றும் இப்படியே இருந்தன எனக் கூறுதல் அநீதியாகும். கூத்தைப் பாமரரின் ஆட்டமென்று படித்தோர் ஒதுக்கியிருந்த காலத்திலே, பேராசிரியர் வித்தியானந்தன் கிராமத்து அண்ணாவிமாரை நாடிச் சென்று, 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். மத்தளமும் சல்லரியும் பல்கலைக்கழகத்துக்குள் அன்று நுழைந்தன. அவர் திறந்த கதவை அகலமாக்குவதே அவரது வாரிசுகள் எனக் கூறிக்கொள்வோரின் கடமை. அக்கதவுக்குப் பூட்டிட்டுவிட்டு, அதன்மேல் அவரது படத்தை மாட்டுவது கடமையாகாது.

5

இவ்வளவு கூறியபின்னர், ‘கலா’ குறையற்ற ஆக்கம் எனக் கொண்டாடுவது என் நோக்கமன்று. விமரிசிக்கத் தகுந்தது என்று வாதிட்டேன். ஆகவே விமரிசித்தலும் வேண்டும்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் ஆக்குநர் பட்டியலில் த கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயர்களும் உள. அவர்களது இசை அதில் எடுத்தாளப்பட்டுள்ளது. சட்டம் அவர்களைக் காத்தது. ‘போய்ஸ்’ பாடலின் ஆக்குநராகப் பதிவாகியிருப்போர் மாதங்கியும் சுவிச்சும். அப்பாடலைத் தாங்கி நிற்கும் மேளகாரர் அவ்வரிசையில் இல்லை. நான் வாசித்த விமரிசனங்களிலும் அவர்கள் ‘சென்னை மேளக் குழு’ என்னும் தொகுதிப் பெயராலன்றிச் சுட்டப்படவில்லை. பதிவான ஒலிக்கு உரிமையாளர் உண்டு, அடித்த கைக்கு உரிமை இல்லை என்பது இசைத்தொழிலின் பொதுவிதி. மாதங்கி அதனைப் படைத்தவர் அல்லர். எனினும் தம் உழைப்பை இன்னோர் ஆணின் பெயரில் எழுதியதற்காக நியாயமாகச் சினந்தவர், தமக்காக உழைத்தோரின் பெயர்களை உரத்துக் கூறியிருக்கலாம். அப்பெயர்கள் கூறப்பட்டிருப்பின் அல்பத்தின் அரசியல் இன்னும் முழுமை பெற்றிருக்கும்.

மேலும், லைபீரியாவையும் திரினிடாட்டையும் சென்னையையும் ஒரே வண்ணத்துணியாகத் தைத்தவிடத்து, அவ்விடங்களின் வேறுபட்ட வரலாறுகள் சில சமயம் மறைந்துவிடுகின்றன. அடிமை வாணிபத்தால் உருவான சமுதாயத்தின் வறுமையும், சாதியால் உருவான சமுதாயத்தின் வறுமையும் ஒன்றல்ல. தாளத்தில் அவை கலக்கலாம், காரணத்திற் கலவா. இவ்வேறுபாட்டை அல்பம் உணர்த்தும் இடங்களும் உள, மழுங்கடிக்கும் இடங்களும் உள. அண்மைக் காலத்தில் மாதங்கி வெளியிட்டுவரும் அரசியற் கருத்துகள் பலவற்றோடும் நான் உடன்படுபவனல்லன். எனினும் ஒரு கலைஞரின் பிற்காலப் பேச்சைக் கொண்டு முற்கால ஆக்கத்தைக் கேட்க மறுப்பது, பிறப்பைக் கொண்டு மறுத்த மேனாட்டுப் பத்திரிகைகளின் முறைக்கு அதிகம் வேறுபட்டதன்று.

இக்குறைகளைக் கூறக்கூட நாம் முதலிற் கேட்டிருத்தல் வேண்டும். கேட்காதவனுக்குப் புகழவும் உரிமையில்லை, இகழவும் உரிமையில்லை. எனவே எமது துறைகளிடமும் சங்கங்களிடமும் நான் வேண்டுவன இரண்டு. நாற்பத்தெட்டு நிமிடமளவில் முடிந்துவிடும் இவ்வல்பத்தை ஒரு விரிவுரை நேரத்தில் அனைவரும் ஒருங்கிருந்து கேட்போம். பின்னர் வேண்டுமானால் நிராகரிப்போம். நிராகரிப்பும் காரணத்தோடு எழுதப்படுமாயின் ஆய்வே.

இரண்டாவது வேண்டுகோள் அல்பத்தைப் பற்றியதன்று. எமது விழாக்களிற் பிரதம விருந்தினரை வரவேற்க மேளகாரர் அழைக்கப்படுகின்றனர். அவர்கள் அடித்தபடி விருந்தினரை மண்டப வாசல்வரை கொண்டுவந்து விடுகின்றனர். விருந்தினர் உள்ளே செல்கின்றார். மேளம் வாசலிலே நின்றுவிடுகின்றது. மங்கல விளக்கேற்றித் தமிழரின் தொன்மை பற்றிய உரைகள் தொடங்கும்போது, மேளகாரர் வெளியே மரநிழலிற் கூலிக்காகக் காத்திருக்கின்றனர். அடுத்த ஆண்டு விழாவில் அவர்களை உள்ளே அழைத்து, மேடையில் ஆசனமிட்டு, அவர்களின் பெயர்களை நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டு, தோலையும் குச்சியையும் பற்றி அவர்களே எமக்குக் கற்பிக்கும் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்குவோம். சென்னையின் ஒலிப்பதிவுக்கூடத்தில் மாதங்கி பாதியிலே விட்ட வேலை அது. அதனைச் செய்து முடிக்க எமக்கு விசா எதுவும் தேவையில்லை.